இரண்டு பேர் பார்க்கிறார்கள்

பள்ளி விட்டு வந்து, நனைந்த குடையை மூலையில் சாய்த்துவிட்டு யமுனா மேசைக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது.

எழுந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். யாரோ வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனது போன்ற சூடு. ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் பிடித்திருந்ததில் வீட்டுக்குள் எல்லாமே ஈரம் குடித்துக் கிடந்தது. சுவரைத் தொட்டால் விரல் சில்லிட்டது, போர்வையில் பூஞ்சை வாடை வந்தது, வெளியே மிளகுக்கொடி ஏறிய மரங்களிலிருந்து ஓட்டின் மேல் நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நாற்காலி மட்டும் சூடு. மேசையில் மடிக்கணினி மூடியபடி இருந்தது.

அந்தக் கணினிக்கு அவள் பயந்து பதினைந்து நாளாகியிருந்தது.

பவானியிலிருந்து மாற்றலாகி, மலைமேல் ஆலத்தூர் நாட்டில் ஒரு அரசுப் பள்ளிக்கு வந்த முதல் மழைக்காலத்தில்தான் அந்த இணையதளம் அவள் கண்ணில் பட்டது. யார் யாரோ தங்கள் வீட்டில் மாட்டிவிட்டு, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டாமல் விட்ட கேமராக்கள். எவரும் எட்டிப் பார்க்கலாம். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று படத்துக்குக் கீழே ஓர் எண் வரும். எங்கோ பனி கொட்டும் தேசத்தில் ஒரு கிழவரின் சமையலறை. அவர் ரொட்டி வெட்டுவார், தனியாக எதையோ சொல்லிச் சிரிப்பார், விளக்கை அணைக்க மறந்து போவார். கீழே எப்போதும் 1. அவள் மட்டும்தான். சோறு அடிப்பிடித்தது. விடைத்தாள்கள் திருத்தாமல் குவிந்தன. அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

பிறகு ஒருநாள் கிழவர் விழுந்தார். அவருடைய கை தரையைச் சுரண்டியது. எந்த ஊர் என்று தெரியாது. ஆனாலும் தளத்துக்காரர்களுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்; யாரையாவது கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. கை அசைவது நிற்கும்வரை பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள்.

மூன்றாம் நாள், பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் சவரிமுத்துவிடம் மடிக்கணினியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“இதுல இந்த சைட் திறக்காதபடி பண்ணிக் குடுங்க சார். பாஸ்வேர்டு எனக்குத் தெரிய வேண்டாம்.”

“நான்கூட கிரிக்கெட்டுக்கு இப்படிப் பூட்டித்தான் வெச்சிருக்கேன் டீச்சர்,” என்று சிரித்தார் அவர். எந்தத் தளம், எதற்கு என்று தோண்டவில்லை. பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதித் தன் பர்சில் வைத்துக்கொண்டார்.

அதன்பின் பன்னிரண்டு நாள் நன்றாகத்தான் போனது. விடைத்தாள் திருத்தினாள். தூங்கினாள். கிழவரைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

நாற்காலி சூடாக இருந்ததற்கு மறுநாள் காலை, வீட்டுக்காரப் பாப்பாயி முறம் நிறையக் குச்சிக்கிழங்குடன் வாசலில் நின்றாள்.

“ஏனுங்க டீச்சரம்மா, நேத்து லீவுங்களா? மத்தியானம் கெழங்கு குடுக்க வந்தனுங்க. சன்னல்ல நின்னு எத்தன தடவ கூப்பிட்டேன்! திரும்பியே பாக்கலீங்களே.”

“நேத்து நான் பள்ளிக்கூடத்துல இருந்தனுங்க.”

“பொட்டி முன்னால உக்காந்திருந்தீங்களே கண்ணு. ஒரு அசைவுகூட இல்ல.” பாப்பாயி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஒடம்பப் பாத்துக்கோங்க சாமி,” என்று முறத்தை வைத்துவிட்டுப் போனாள்.

பள்ளிக்குப் போனதும் யமுனா நேராகச் சவரிமுத்துவிடம் போனாள்.

“சார், அந்தப் பாஸ்வேர்டு பத்திரமா இருக்குதுங்களா?”

அவர் முகம் சங்கடப்பட்டது. “ஞாயித்துக்கெழம நீங்களே போன் பண்ணிக் கேட்டீங்களே டீச்சர். அப்படி அழுதீங்க. மனசு கேக்கல, சொல்லிட்டேன்.”

போனை எடுத்துக் காட்டினார். அவளுடைய எண். மத்தியானம் ஒன்றே முக்கால். பதினோரு நிமிடம். அந்த நேரத்தில் அவள் சேந்தமங்கலத்தில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, மலைவளைவுகளில் சிக்னலே இல்லாத இடம். தன் போனைத் தேடிப் பார்த்தாள். அப்படி ஒரு அழைப்பே அதில் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தத் தளத்தின் பெயரை அடித்தாள். சமையலறை வந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிழவர் கிடந்த இடத்திலேயே கிடந்தார். இத்தனை நாளாகியும் யாரும் வரவில்லை. கீழே 2 என்றிருந்தது.

மூடிவிட்டு மறுபடி திறந்தாள்.

2.

ஒன்று அவள்.

தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மணி இரண்டுகூட ஆகவில்லை. ஆனால் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி ரோட்டையும் மரங்களையும் விழுங்கியிருந்தது, தன் செருப்பு சேற்றை அறையும் சத்தமே பின்னால் யாரோ வருவது போலக் கேட்டது, எங்கோ பழுத்து வெடித்த வாழைத்தாரின் அழுகிய இனிப்பு வாடை தொண்டையில் ஒட்டியது. வீட்டு வாசலில் பூட்டு பூட்டியபடி இருந்தது. சன்னலுக்குப் போனாள்.

நீல வெளிச்சம். அதற்கு முன்னால் ஒரு முதுகு. ஒற்றைப் பின்னல். கொடியில் காயப்போட்டுவிட்டு வந்த அவளுடைய கத்தரிப்பூச் சேலை.

பூட்டைத் திறந்து உள்ளே பாய்ந்தாள். யாரும் இல்லை.

மடிக்கணினி திறந்திருந்தது. சமையலறை தெரிந்தது. மூடிவிட வேண்டும். மூடி, எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் வீசிவிட வேண்டும். கையை நீட்டினாள்.

கிழவரின் விரல் அசைந்தது.

அசைந்ததா?

குனிந்தாள். சரியாகத் தெரியவில்லை. ஒரு நிமிடம்தான். அசைகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு. உட்கார்ந்தாள்.

விரல் அசையவில்லை. எழுந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

கால் வரவில்லை.

கையும் வரவில்லை. கழுத்து திரும்பவில்லை. ஓட்டில் நீர் சொட்டியது. சன்னல் கறுத்தது. சன்னல் வெளுத்தது. கிழவர் கிடந்தார். அவள் பார்த்தாள்.

காலையில் வாசலில் பாப்பாயியின் குரல் கேட்டது.

“டீச்சரம்மா! கெளம்பலீங்களா? பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சே!”

வாயைத் திறக்கப் பார்த்தாள். உதடு பிரியவில்லை. பாப்பாயி, உள்ளே வா. உள்ளே வந்து என்னைப் பிடித்து இழு.

முதுகுக்குப் பின்னால், மிக அருகில், யாரோ பதில் சொன்னார்கள்.

“வாரேனுங்க!”

அவளுடைய குரல்.

சேலை சரசரத்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பூட்டு விழுந்தது.

“இன்னிக்குத்தான் கண்ணு மூஞ்சி தெளிஞ்சிருக்குது,” என்றாள் பாப்பாயி.

“ஆமாங்க. ஒரு கெட்ட பழக்கம் இருந்துச்சு. விட்டுட்டேனுங்க.”

இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டு சன்னலோரமாக நடந்து போனார்கள். பேச்சு பனிக்குள் தேய்ந்தது. யமுனாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது. இமை மூடவில்லை.