சொல்லாமல் விட்ட மக்காச்சோளம்

முனீஸ்வரியின் ஆடு செத்துப்போன மறுவாரம்தான் பாராட்டுரை எழுதும் வேலை அவளிடம் வந்து சேர்ந்தது.

அவளுடைய ஊர் அய்யலூரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அவள் ஊரிலேயே இருந்த கால்நடை மருந்தகத்தின் பெரிய டாக்டர் நர்கீஸ். வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆனவர். ஏப்ரல் மாதக் கடைசிச் சனிக்கிழமை, உலகக் கால்நடை மருத்துவ நாளன்று, அவரை மேடையேற்றிப் பாராட்டுவது என்று ஊர்ப் பால் சங்கம் முடிவு செய்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாராவது பாராட்டுரை வாசித்தால் நன்றாக இருக்கும் என்றார் சங்கத் தலைவர் மலைச்சாமி. ஆறாம் வகுப்பில் திக்காமல் வாசிப்பவள் முனீஸ்வரி. டீச்சர் அவள் பெயரைக் கொடுத்துவிட்டார்.

வேறு சமயமாக இருந்தால் அவள் துள்ளிக் குதித்திருப்பாள். இப்போது அந்த மருந்தகத்தின் பெயர் அடிபட்டாலே அவள் பேச்சை மாற்றினாள்.

செத்துப்போன ஆட்டின் பெயர் செம்பி. செந்நிற ஆடு, சினையாக இருந்தது. போன செவ்வாய்க்கிழமை காலையில் வயிறு உப்பி, நிற்க முடியாமல் சாய்ந்து கிடந்தது. அப்பா மணிமாறன் அதை பைக்கில் போட்டுக்கொண்டு மருந்தகத்துக்கு ஓடினார். ஆட்டைப் பிடித்துக்கொள்ள முனீஸ்வரியும் பின்னால் உட்கார்ந்து போனாள்.

பெரிய டாக்டர் அன்று பக்கத்து ஊருக்குத் தடுப்பூசி முகாமுக்குப் போயிருந்தார். வேலைக்கு வந்து நாலே மாதம் ஆன டாக்டர் பானுப்ரியாதான் இருந்தார். ஆட்டின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, இது என்ன தின்றது என்று கேட்டார். வழக்கம்போலக் கடலைக்கொடிதான் என்றார் அப்பா. தானியம் ஏதாவது தின்றதா என்று டாக்டர் மறுபடியும் கேட்டார். அதெல்லாம் இல்லை என்று அப்பா உறுதியாகச் சொன்னார்.

அப்பாவுக்குத் தெரியாது. முனீஸ்வரிக்குத் தெரியும்.

முதல்நாள் சாயங்காலம் கோழிகளுக்குப் போட மக்காச்சோளம் அள்ளியவள், மூட்டையின் வாயைக் கட்ட மறந்துவிட்டாள். காலையில் எழுந்து பார்த்தபோது மூட்டை சரிந்து கிடந்தது. பாதிக்கு மேல் காணோம். செம்பியின் தாடியில் சோளத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அவள் அவசர அவசரமாக மூட்டையைக் கட்டி, தரையைப் பெருக்கிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

மருந்தகத்திலும் சொல்லவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஆட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

பானுப்ரியா ஊசி போட்டு, மருந்து புகட்டி, மத்தியானம்வரை ஆட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் பொழுது விடியும்போது செம்பி செத்துக் கிடந்தது.

அப்பாவுக்குத் துக்கம். துக்கம் கொஞ்ச நேரத்தில் கோபமாக மாறியது. பால் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டார். புது டாக்டர் போட்ட ஊசியில்தான் தன்னுடைய சினை ஆடு செத்தது, எல்லாரும் பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று அதில் சொன்னார். குழுவில் இருநூறு பேர் இருந்தார்கள். இருநூறு பேரும் அதைக் கேட்டார்கள்.

பாராட்டுரைக்குச் செய்தி சேகரிக்க, வியாழக்கிழமை சாயங்காலம் முனீஸ்வரி நோட்டை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனாள். வாசலில் ஒருவர் கன்றுக்குட்டியோடு நின்றிருந்தார். கன்று கழிந்து கழிந்து ஓய்ந்துபோயிருந்தது. பானுப்ரியா வெளியே வந்து கன்றின் கயிற்றைப் பிடித்தார். பெரிய டாக்டர் இல்லையா என்று கன்றைக் கொண்டுவந்தவர் கேட்டார். அரை மணி நேரத்தில் வந்துவிடுவார், அதற்குள் நான் பார்க்கிறேன் என்றார் பானுப்ரியா. அந்த ஆள் கயிற்றை மெதுவாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். பானுப்ரியா உள்ளே போனார்.

முனீஸ்வரி நோட்டின் மூலையை மடித்து மடித்து விரித்தாள்.

மருந்தக உதவியாளர் கருப்பம்மாளுக்குப் பேசுவது பிடிக்கும். கேட்டதும் கேட்காததுமாக நிறையச் சொன்னார். மாடுகளுக்கு அம்மை வந்த வருடம் நர்கீஸ் டாக்டர் வீடு வீடாகப் போனதைச் சொன்னார். பள்ளிக்கூடங்களுக்குப் போய், ஆட்டின் காதைத் தொட்டுக் காய்ச்சல் கண்டுபிடிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னார். ஒருமுறை டாக்டரே தன் காதைப் பிடித்துக் காட்ட, வகுப்பு முழுக்க அவரவர் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம்.

பிறகு அவர் சொன்ன ஒரு விஷயத்தை முனீஸ்வரி இதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. சுற்றுவட்டாரத்து மருந்தகங்களில் புதிதாக வேலைக்கு வந்த இளம் டாக்டர்கள் ஆறு பேர் இருந்தார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நர்கீஸ் அவர்கள் ஆறு பேரையும் கூப்பிட்டுப் பேசுவார்.

"மாட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க பாப்பா" என்றார் கருப்பம்மாள். "வீட்டுக்குப் போனியா, யாரும் வைதாங்களா, மனசுக்குக் கஷ்டமா இருக்கான்னுதான் கேப்பாங்க. நாங்கூட நினைப்பேன், என்னடா இது, டாக்டருக்கே வைத்தியம் பாக்குறாங்களேன்னு."

அதற்குள் நர்கீஸின் வண்டி வந்து நின்றது. அவர் கன்றுக்குட்டியைப் பார்த்து மருந்து கொடுத்து அனுப்பினார். பிறகு உள்ளறைக்குப் போனார். அறையின் ஜன்னல் திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த முனீஸ்வரிக்கு அவர்கள் பேசுவது கேட்டது.

பானுப்ரியா வேலையை விட்டுப் போவதாகக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் பேச்சு.

"ஊசி தப்பில்லைன்னு எனக்குத் தெரியும் மேடம்" என்றார் பானுப்ரியா. "ஆனா அந்த ஆடு ஏன் செத்துச்சுன்னு தெரியல. எதை கவனிக்காம விட்டேன்னு யோசிச்சு யோசிச்சு தலையே வெடிச்சிரும் போல இருக்கு. இப்ப எந்த மாட்டைத் தொட்டாலும் இதையும் கொன்னுருவேனோன்னு தோணுது."

 வேலைக்கு வந்த முதல் வருடத்தில் தன் கையில் செத்த ஒரு எருமையைப் பற்றி நர்கீஸ் சொன்னார். அதன் சொந்தக்காரர் தன்னை நடுரோட்டில் நிறுத்தி வைததையும், மூன்று நாள் வேலைக்குப் போகாமல் இருந்ததையும் சொன்னார். அப்போது தன்னிடம் வந்து பேச ஆளில்லை என்றார்.

"இந்தக் கடிதம் சனிக்கிழமை வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்" என்றார் கடைசியில். "அதுவரைக்கும் எங்க போனாலும் நாம ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். சரியா பானு?"

முனீஸ்வரி நோட்டை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஆடு ஏன் செத்தது என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அப்பா தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மூட்டையைக் கட்டாமல் விட்டது, தரையைப் பெருக்கியது, மருந்தகத்தில் வாயைத் திறக்காமல் நின்றது. அப்பா வாளியைக் கீழே வைத்தார். 

"அன்னைக்கே சொல்றதுக்கென்னத்தா?" என்றார்.

"பயமா இருந்துச்சுப்பா."

அவர் அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். இருநூறு பேர் கேட்கச் சொன்னதை எந்த முகத்தோடு மாற்றிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் முனீஸ்வரிக்குப் புரிந்தது.

அவள் யோசித்தாள். ஊருக்குச் சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும். பானுப்ரியா டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அதைச் சொல்ல அப்பா தேவையில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் மருந்தகத்துக்குள் நுழைந்தாள். பானுப்ரியா மருந்துப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார். முனீஸ்வரி வாசற்படியைவிட்டு உள்ளே வராமலே, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

"செம்பி மக்காச்சோளம் தின்னுச்சு டாக்டர். பாதி மூட்டை. நான்தான் மூட்டையைக் கட்டாம விட்டேன். நீங்க கேட்டப்ப எனக்குத் தெரியும். சொல்லல."

பானுப்ரியா கையிலிருந்த பாட்டிலை மேசைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"மக்காச்சோளம்" என்றார். இன்னொரு முறை, "மக்காச்சோளம்" என்றார்.

பிறகு பதிவேட்டை எடுத்து, எத்தனை மணிக்குத் தின்றிருக்கும், எவ்வளவு குறைந்திருந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். தானியத்தை அளவுக்கு மீறித் தின்றால் ஆட்டின் வயிற்றுக்குள் புளித்துப்போய் ரத்தம்வரை கெட்டுவிடும் என்று விளக்கினார். அதற்கு வேறு வைத்தியம் உண்டு. தெரிந்திருந்தால் அதைச் செய்திருப்பார்.

"செஞ்சிருந்தா பொழச்சிருக்குமா?" என்று கேட்டாள் முனீஸ்வரி.

"பொழச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம்" என்றார் பானுப்ரியா. "பரவாயில்லைன்னு உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ வந்து சொன்னியே, அது எனக்குப் பெரிய உதவி."

முனீஸ்வரி அழுதாள். பானுப்ரியா தண்ணீர் கொடுத்து, முகத்தைக் கழுவச் சொல்லி, மணி அடிப்பதற்குள் பள்ளிக்கு ஓடு என்று அனுப்பினார்.

அன்று சாயங்காலம் அவள் பாராட்டுரையை எழுதி முடித்தாள். சனிக்கிழமை காலையில் அதை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா முழுவதும் படித்தார்.  மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

பால் சங்கத்தின் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். நர்கீஸுக்கு மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். மலைச்சாமி தன் மாட்டின் வீரதீரங்களைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். இடையில் இரண்டு முறை டாக்டரின் பெயரும் வந்தது. பிறகு முனீஸ்வரியைக் கூப்பிட்டார்கள்.

மாட்டு அம்மை வந்த வருடத்தைப் பற்றி வாசித்தாள். காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வகுப்பைப் பற்றி வாசித்தபோது எல்லாரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சைப் பற்றி வாசித்தபோது பின்வரிசையில் கருப்பம்மாள் தலையாட்டினார். அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

"எங்கள் ஆடு செம்பி போன வாரம் இறந்தது. நான் கட்டாமல் விட்ட மூட்டையிலிருந்து மக்காச்சோளத்தைத் தின்றதால் இறந்தது. டாக்டர் பானுப்ரியா கேட்டபோது நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தவரை அவர் சரியாகத்தான் வைத்தியம் பார்த்தார். நர்கீஸ் டாக்டர் மாடுகளை மட்டும் பார்ப்பதில்லை, தன்னோடு வேலை செய்கிறவர்களையும் பார்த்துக்கொள்கிறார். நாமும் அவர்களைப் பார்த்துக்கொள்ளலாம். நன்றி."

யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மணிமாறனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரத்தில்தான் ஆனந்த்ராஜ் என்ற விவசாயி வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். களத்து வீட்டில் அவருடைய மாடு காலையிலிருந்து ஈன முடியாமல் தவிக்கிறதாம். கன்றின் கால் மட்டும் வெளியே தெரிகிறது, தலை மடங்கிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது என்றார். மேடையிலிருந்த நர்கீஸைப் பார்த்து, சீக்கிரம் வாங்க டாக்டரம்மா என்று கூப்பிட்டார்.

நர்கீஸ் எழுந்திருக்கவில்லை.

"பானு போவாங்க" என்றார். "ரெண்டு தடவை என்கூட இருந்து இதைச் செஞ்சிருக்காங்க. என் வீட்டு மாடா இருந்தாலும் இன்னைக்கு பானுவைத்தான் அனுப்புவேன்."

பானுப்ரியா எழுந்து பையை எடுத்தார். ஆனந்த்ராஜ் தயங்கி நின்றார். 

மணிமாறன் எழுந்தார். நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து பானுப்ரியாவின் முன்னால் வந்து நின்றார்.

"தெரியாமப் பேசிட்டேன் டாக்டரம்மா. என்னை மன்னிச்சிருங்க" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "களத்துக்குக் குறுக்கு வழி இருக்கு. நான் பைக்கில முன்னால போறேன், நீங்க ஸ்கூட்டர்ல பின்னாலயே வாங்க." பிறகு ஆனந்த்ராஜின் தோளைத் தொட்டு, "ஏறுப்பா வண்டியில" என்றார்.

இரண்டு வண்டிகளும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின.

விழா அப்படியே நின்றுபோனது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. நர்கீஸ் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, முனீஸ்வரியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஒருமுறை போனைக் கையில் எடுத்தார். பிறகு, கூப்பிடாமலே கவிழ்த்து வைத்தார். அவருடைய கால் மட்டும் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்ததை முனீஸ்வரி பார்த்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஸ்கூட்டர் திரும்பி வந்தது. பானுப்ரியாவின் சட்டையெல்லாம் ஈரம். முழங்கைவரை சேறு. பெண் கன்று, கிடாரி, எழுந்து நின்று பால் குடிக்கிறது என்றார். தாய் மாட்டைத் திங்கட்கிழமை காலையில் ஒருமுறையும் புதன்கிழமை ஒருமுறையும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

"யார் போறது?" என்று கேட்டார் நர்கீஸ்.

"நான்தான் மேடம்" என்றார் பானுப்ரியா.

அப்படியென்றால் அவர் வேலையை விட்டுப் போகப்போவதில்லை. முனீஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பானுப்ரியா கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கருப்பம்மாள் இருவருக்கும் தட்டில் கேசரி கொண்டுவந்து கொடுத்தார். தன்னுடையதை முழுவதும் தின்று முடித்த பானுப்ரியா, முனீஸ்வரியின் தட்டை எட்டிப் பார்த்து, அது வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார்.