பார்க்காமல் எரிக்க வேண்டிய டிஸ்க்

“வீடியோவைப் பதியுறேன்னு மூணு டிஸ்க் எரிச்சுட்டேன்... ஒண்ணு கூட பிளேயர்ல ஓடலை. நீங்க வித்த டிஸ்க்தான் சரியில்லை.”

மேஜையில் மூன்றையும் ஒரு பென் டிரைவையும் வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள் அவள். வெளியே மழை... நெற்றி முடியிலும் மூக்குக் கண்ணாடியிலும் துளிகள். தெருமுனைக் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்களுக்கெல்லாம் பவர் பார்ப்பவள். அவளையே ஒருத்தன் இமைக்காமல் பார்த்தால் கோபம் வராதா?

டிஸ்க் கடைக்காரன் கஷ்டப்பட்டுப் பார்வையை விலக்கி, ஒரு டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டான். சிரிப்பு வந்துவிட்டது.

“டிஸ்க் மேல தப்பில்லைங்க. இது இமேஜ் ஃபைல். வீடியோ டிஸ்க் முழுசையும் ஒரே ஃபைலா மடிச்சு வச்சிருக்காங்க. நீங்க அந்த ஃபைலை அப்படியே எரிச்சிருக்கீங்க. டிபன் பாக்ஸைத் திறக்காமலே தட்டுல வச்சு, சாப்பிடுங்கன்னு சொன்ன மாதிரி...”

“தெரியாமத்தானே வந்தேன்? சிரிக்கத் தேவையில்லை.”

பென் டிரைவை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். மழை கொட்டியது. நின்றாள்... அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. சிரிக்கவும் இல்லை. பிடித்ததைப் போட்டுக் காட்டுங்கள் என்றிருந்தார் டாக்டர். அப்பா விழுந்து விழுந்து சிரிப்பது ஒரே ஒரு வீடியோவுக்குத்தான். அந்த டிஸ்க் கீறல் விழுந்து கெட்டுப்போய், அண்ணன் எப்போதோ எடுத்து வைத்த ஃபைல்தான் மிச்சம். கட்டிலுக்கு எதிரே இருப்பதோ பழைய டிஸ்க் பிளேயர். இதில் ரோஷம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

திரும்பி வந்தாள். “மாத்திக் குடுங்க. ஆனா... உள்ள இருக்கிறதை நீங்க பார்க்கக் கூடாது.”

“ஏங்க?”

“என் இமேஜ் டேமேஜ் ஆயிடும்.”

“இமேஜை மாத்துறதுதாங்க என் வேலை... டேமேஜ் இல்லாம மாத்தித் தரேன்.”

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

அண்ணனின் பழைய ஃபைலை டிஸ்க்கில் எரிக்கத் தோதான ஐஎஸ்ஓ வடிவத்துக்கு மாற்றி, அவசரப்படாமல் குறைந்த வேகத்தில் எரித்தான். அப்படி என்னதான் இருக்கும் இதில்? மண்டை குடைந்தது. ஓடுகிறதா என்று பார்த்தாக வேண்டுமே... திரையை அவள் பக்கம் திருப்பிவிட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டான். வாக்கு என்றால் வாக்கு.

ஒரு மழலைக் குரல் யாரையோ அதட்டியது. கூட்டம் சிரித்தது. எல்லோருக்கும் மேலாக ஒரு ஆண் குரல் சிரித்தது...

“அது அப்பா... பக்கவாதம் வந்ததுலேர்ந்து சிரிக்கவே இல்லை,” என்றாள். கண்கள் நிறைந்திருந்தன. அவன் அந்தக் கண்களைப் பார்த்தான்... சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் அவளே வந்தாள்.

“அப்பா சிரிச்சாரா?”

“சிரிச்சார்... அப்புறம் பேசினார். ஒரே ஒரு வார்த்தை. மீசை.”

அவன் குபீரென்று சிரித்துவிட்டான்.

அவள் கண்கள் சுருங்கின. “மீசைன்னதும் ஏன் சிரிக்கிறீங்க? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே...”

மாட்டிக்கொண்டான்.

“சத்தியமா ஸ்கிரீனைப் பார்க்கலைங்க. உங்க கண்ணாடியில தெரிஞ்சது... மேடையில நீங்க, ஒரு குட்டி ராஜா. அதட்டும்போதே மீசை விழுந்துடுச்சு. எடுத்து நெத்தியில ஒட்டிக்கிட்டார்.”

கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை.

“மீசையை மட்டும்தான் பார்த்தீங்களா?”

“இல்ல...” அவன் காது சிவந்தது. “அதுக்குப் பின்னாடி உங்க கண்ணு. நேத்துலேர்ந்து எனக்குள்ள அதுதான் ஓடிக்கிட்டே இருக்கு. உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க.”

வெளியே மறுபடி தூறல்...

“எனக்கும்தான்,” என்றாள், மேஜையைப் பார்த்தபடி. “அப்பா அதையே திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கை காட்டுறார். சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. இந்தத் தடவை நேராவே பார்க்கலாம்.”

“ஸ்கிரீனையா?”

அவள் மெல்லத் தன் கண்ணாடியைக் கழற்றினாள்.