ஒயர் பைப்பில் தண்ணீர்

அவளை அந்த வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'வாலு' என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

காலையில் சமையலறைக் குழாய்க்கு வரும் பைப் விரிசல் விட்டுவிட்டது. சித்தப்பா வீடுகளுக்கு ஒயரிங் செய்பவர். நம்மிடம் இல்லாத பைப்பா என்று தன் சாமான்களிலிருந்து ஒரு துண்டை வெட்டினார், பசை தடவி ஒட்டினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஆள் கில்லாடிதான்.

கைக்குழந்தைத் தம்பி பசியில் வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பால் கரைக்க அம்மா தண்ணீர் பிடித்தாள். வாலு பாத்திரத்தை மோந்து பார்த்தாள். சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடும் கடையில் அடிக்கிற அதே நாற்றம்.

"இந்தத் தண்ணி தம்பிக்கு வேண்டாம்மா."

புது பைப் என்றால் அப்படித்தான் இருக்கும், கொதிக்க வைத்தால் போய்விடும் என்றார் சித்தப்பா. கொதித்தால் கிருமி சாகும், பசையுமா சாகும் என்று கேட்டாள் வாலு. கேட்டதோடு விட்டாளா? பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுக் குழாயை மறித்து நின்றாள். அவள் பிடித்தால் உடும்புப்பிடிதான். கடைசியில் அம்மா பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிப் பால் கரைத்தாள்.

சித்தப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. பாவம், காலையிலிருந்து சாப்பிடாமல் பாடுபட்டவர். இதற்கு மேலும் எல்லார் முன்னாலும் குறை சொல்ல வாலுவுக்கு மனசு வரவில்லை. விரிசல் விட்ட பழைய துண்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அது புதியதைவிடத் தடிமனாக இருந்தது.

"சித்தப்பா, இதுக்குள்ள ஒயர் விடுவீங்களா?"

"சேச்சே, இது தண்ணி பைப். ஒயருக்குன்னு தனி பைப் இருக்கு."

"அப்போ தண்ணிக்குன்னும் தனியாத்தானே இருக்கும்?"

சித்தப்பா தான் ஒட்டியதைப் பார்த்துத் தலையில் தட்டிக்கொண்டார்.

"ரெண்டுக்கும் பைப்னு ஒரே பேரு. அதுல ஏமாந்துட்டேன் பாரு."

இருவரும் கடைக்குப் போய், குடிதண்ணீருக்கான பைப் என்று கேட்டு வாங்கி வந்தார்கள். இந்த முறை பசை நன்றாகக் காயும்வரை குழாயை யாரும் தொடக் கூடாது என்று வாலு உத்தரவு போட்டாள். மாலையில் முதலில் வந்த தண்ணீரையெல்லாம் வாசல் கழுவ விட்டார்கள். அதற்குப் பிறகு வந்ததை ஒரு டம்ளரில் பிடித்து வாலு மோந்தாள். சித்தப்பாவும் மோந்தார். ஒரு வாசனையும் இல்லை.

தம்பி மறுபடி சிணுங்கத் தொடங்கினான். அம்மா பாத்திரத்தோடு வந்து குழாயில் கை வைத்தாள். திறக்காமல் வாலுவின் முகத்தைப் பார்த்தாள்.

"பிடிங்கம்மா" என்றாள் வாலு.