அடி அண்ணாமலையில் ஏழு மணி வெயில்

"உனக்குப் படிக்கத் தெரியுமாம்மா?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுப்பிரமணி வேதாவிடம் இப்படிக் கேட்டார். அவள் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் டீத்தூள் ஒட்டியிருந்தது. தெரியும் என்று சொன்னால், எத்தனாவது வரை என்று கேட்பார். எட்டாவது என்றால், ஏன் நின்றாய் என்பார். ஆண்டு விழா மேடையில் ஒரு பக்கம் வாசிக்க ஏற்றிவிட்டார்கள், வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது, முன்வரிசை முழுக்கச் சிரித்தது, மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

"தெரியாதுங்க சார்" என்றாள்.

"பரவால்ல, பரவால்ல" என்றார் சுப்பிரமணி. பரிதாபப்படுவார் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதி. அது ஏன் என்று அவளுக்கு அன்று புரியவில்லை.

வேதாவின் அம்மா காசியம்மாள் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கீற்றுக் கொட்டகையில் டீக்கடை வைத்திருந்தாள். ஞாயிறுதோறும் விடியற்காலையில் நான்கு பேர் அங்கே சைக்கிளோடு கூடுவார்கள். டிரில் மாஸ்டர் ஆதிமூலம், லாரி ஆபீஸ் ராஜேந்திரன், போட்டோ ஸ்டுடியோ அர்ஜுனன், கும்பகோணம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த குமாஸ்தா சுப்பிரமணி. ஆளுக்கொரு திசையில் இரண்டு மணி நேரம் மிதித்துவிட்டு வருவார்கள். வந்ததும் சவாரி நோட்டில் அன்று போன வழியையும் பார்த்ததையும் எழுதவேண்டும். எழுதாதவருக்கு டீ கிடையாது. அப்புறம் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துச் சிரிப்பார்கள். நோட்டு கடையிலிருந்த பழைய பிஸ்கட் டப்பாவில் கிடக்கும்.

வாரம் முழுக்க மத்தியானங்களில் வேதா அதை எடுத்துப் படிப்பாள். ராஜேந்திரன் மைல் கணக்கு மட்டும் எழுதுவார். அர்ஜுனன் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வார். போன வாரம் அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'மலை சுற்றும் பாதை. ஏழு மணிக்கு அடி அண்ணாமலை. படம் எடுக்க வெளிச்சம் பத்தவில்லை, பிலிமை வீணாக்காமல் திரும்பினேன்.' சுப்பிரமணி எழுதுவது மட்டும் வேறு மாதிரி இருக்கும். மழை பெய்தால் அவர் எழுத்தில் மண் மணக்கும். வேதா அந்த வரிகளைத் தன் நோட்டில் எழுதி, அந்த நோட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள். அப்படி எழுதத் தெரிந்த ஒருவரை அவள் நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

1978, பங்குனி மாதம், மூன்றாவது ஞாயிறு. காலை 5.50.

"இன்னா காசியம்மா, இன்னும் அடுப்பே பத்தலையா?" என்றார் அர்ஜுனன்.

"நான் அடி அண்ணாமலையில பொறந்தவ சார். எங்க ஊர்ல எல்லாமே லேட்டாத்தான் விடியும். இன்னா செய்யறது?"

எல்லாரும் சிரித்தார்கள். சுப்பிரமணி மட்டும் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆதிமூலம் சட்டைப் பையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். உள்ளே பள்ளிக்கூடத்து ஸ்டாப் வாட்ச். "ஹெட்மாஸ்டர் கிட்ட கையெழுத்து போட்டு வாங்கினு வந்திருக்கேன். நாளைக்குக் காலையில திருப்பிக் கொடுக்கணும். எதுக்கு தெரியுமா? நம்ம சுப்பிரமணி சார் மலையை நாப்பது நிமிஷத்துல சுத்தறதா நோட்டுல எழுதறாரே, ஒன்பது மைல்! இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லார் முன்னாடியும் டைம் வைக்கறோம். ஜில்லா போட்டிக்கு அவர் பேரையே எழுதி அனுப்பப் போறேன்."

"அய்யோ, எனக்கெதுக்கு சார் இதெல்லாம்?" என்றார் சுப்பிரமணி.

"அடக்கம் ஜாஸ்திப்பா இவருக்கு" என்று அர்ஜுனன் அவர் முதுகில் தட்டினார்.

துணிப்பை பிஸ்கட் டப்பாவுக்குள், நோட்டுக்கு மேல் போயிற்று. 6.05க்கு நால்வரும் கிளம்பினார்கள். ஆதிமூலம் செங்கம் பக்கம் போனார். ராஜேந்திரன் வேட்டவலம் ரோடு, அர்ஜுனன் தண்டராம்பட்டு ரோடு. சுப்பிரமணி, "நான் மெதுவா மலையைச் சுத்திட்டு வர்றேன், சாயங்காலத்துக்குத் தெம்பு வேணுமே" என்றார்.

8.05. முதலில் ராஜேந்திரன் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேதா கொடுத்த சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார். அடுத்து அர்ஜுனன் வந்தார். அவருக்கும் இரண்டு சொம்பு. 8.20க்கு சுப்பிரமணி வந்து சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டார். அவர் எப்போதும் தண்ணீர் கேட்பதில்லை. பழகிய உடம்பு என்று வேதா நினைத்துக்கொள்வாள். கேரியரில் மடித்து வைத்திருந்த துண்டின் மடிப்புகளுக்குள் பொரி இறைத்த மாதிரி புங்கம்பூ கிடந்தது. ஒருவர் பின் ஒருவராக டப்பாவிலிருந்து நோட்டை உருவி எழுதினார்கள். துணிப்பையை யாரும் தொடவில்லை.

8.40. கடைசியாக வந்த ஆதிமூலம் எழுதி முடித்துவிட்டு, சாவி கொடுத்து வைக்கலாம் என்று துணிப்பையைக் கவிழ்த்தார்.

உள்ளங்கையில் விழுந்தது உருண்டையான ஒரு கூழாங்கல்.

 ராஜேந்திரன் காசியம்மாளைப் பார்த்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் பார்த்தார்கள்.

ஆதிமூலம் வகுப்பில் கேட்பது போலக் கேட்டார்.

"கடையை விட்டு எப்ப போனீங்க?"

"ஆறரைக்குங்க. பால் வாங்க."

"திரும்பினது?"

"ஏழு ஆவறதுக்குள்ள வந்துட்டேன்."

"பொண்ணு?"

"அதுவும் அப்பதான் குழாயடிக்குத் தண்ணிக்குப் போச்சு. ஒரு கால் மணி கடையில ஆள் இல்லைங்க."

"டப்பாவைப் பூட்டறதில்லையா?"

"பிஸ்கட் டப்பாவுக்கு யாருங்க பூட்டு போடுவாங்க?"

"ரோட்டுல போறவனுக்கு டப்பாவுல வாட்ச் இருக்கறது எப்படித் தெரியும்?" என்றார் ராஜேந்திரன். "நம்ம நாலு பேருக்குத் தெரியும், இவங்க ரெண்டு பேருக்குத் தெரியும். நாம நாலு பேரும் நாலு மூலையில இருந்தோம். மிச்சம் யாரு? கல்லை வேற போட்டு வெச்சிருக்கு, எடை கம்மியாத் தெரியக்கூடாதுன்னு! மடியை உதறு காசியம்மா."

"ராஜேந்திரன்..." என்று ஆதிமூலம் இழுத்தார். ஆனால் தடுக்கவில்லை.

காசியம்மாள் நால்வரையும் ஒரு தரம் பார்த்தாள். வருஷக்கணக்காக அவள் டீயைக் குடித்தவர்கள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து உதறினாள். இரண்டு பாக்கு, ஒரு சாவி, வாடிய வெற்றிலை ஒன்று விழுந்தன. குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி முடிந்துகொண்டாள்.

"ஒன்பதரை வரைக்கும் பாக்கறேன்" என்றார் ராஜேந்திரன். "பொருள் வரலைன்னா ஸ்டேஷனுக்குப் போயிடுவேன். அப்புறம் இந்தக் கடையில எவன் டீ குடிக்கறான்னு பாக்கலாம்."

சுப்பிரமணி தரையைப் பார்த்தபடி சொன்னார்: "போலீஸெல்லாம் வேண்டாம் சார். பாவம், ஏழைங்க. போனாப் போகட்டும், நானே புதுசு வாங்கித் தந்துடறேன்."

"உங்க மனசு யாருக்கு வரும்?" என்றார் அர்ஜுனன்.

அந்தப் 'பாவம்' என்ற சொல் காசியம்மாள் மேல் திருட்டு முத்திரையை உறுதியாகக் குத்திவிட்டது. வேதாவுக்குக் காதெல்லாம் சுட்டது. அம்மாவைப் பார்க்க முடியாமல் பெஞ்சைப் பார்த்தாள். கவிழ்த்துப் போட்டிருந்த துணிப்பைக்குப் பக்கத்தில் வெள்ளையும் ஊதாவுமாக ஒரு சின்னப் பூ கிடந்தது. கல்லோடு சேர்ந்து விழுந்திருக்கவேண்டும்.

புங்கம்பூ.

கடைக்கு மேலே புங்க மரம் இல்லை, வேப்ப மரம்தான். புங்க மரங்கள் அரை மைல் தள்ளி, ரோட்டோரக் குளத்தின் உட்கரையில்தான் இருந்தன. ரோட்டில் போகிறவர் தலையில் அந்தப் பூ விழாது. கரை ஏறி இறங்கி, மரத்தடிக்கே போகவேண்டும். ஓடுகிற சைக்கிளில் பூ தங்காது, பறந்துவிடும். துண்டின் மடிப்புக்குள் நிறைய வேண்டுமென்றால் சைக்கிள் மரத்தடியில் வெகுநேரம் நின்றிருக்க வேண்டும்.

அவள் மெல்ல நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். கிளாஸுக்கு இடம் ஒதுக்குகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். இன்றைய பக்கம் திறந்திருந்தது. சுப்பிரமணியின் அழகான சாய்ந்த கையெழுத்தைப் படித்தாள். ஒரு வரியில் கண் நின்றுவிட்டது.

அந்த வரி மட்டும் இல்லையென்றால் அவள் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

9.15.

"சார்" என்றாள். காற்றுதான் வந்தது. எட்டாம் வகுப்பு மேடை கண்ணுக்குள் வந்து நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி, "சார், நான் ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள்.

நால்வரும் திரும்பினார்கள். இந்தப் பெண்ணுக்குக் குரல் உண்டு என்பதே அவர்களுக்குப் புதிதாக இருந்தது.

"கேளும்மா" என்றார் ஆதிமூலம்.

"அர்ஜுனன் சார், போன வாரம் அடி அண்ணாமலையில நீங்க ஏன் படம் எடுக்கலை?"

"வெளிச்சம் இல்லம்மா."

"மேகமா?"

"மேகமில்ல, ஒண்ணுமில்ல. நம்ம மலைதான் குறுக்க நிக்குதே. கிழக்கால சூரியன் வந்தாலும் அந்தாண்டப் பக்கம் வெயில் விழ எட்டு மணி ஆயிடும். ஏம்மா?" கேட்டு முடித்துவிட்டு அவர் புருவத்தைச் சுருக்கினார். "அது சரி, நான் படம் எடுக்காதது உனக்கெப்படித் தெரியும்? அன்னைக்கு நான் எழுதினேனே தவிர, யாரும் சத்தமாப் படிக்கலையே. வேலை இருக்குன்னு எல்லாம் கிளம்பிட்டாங்க. சுப்பிரமணி சார் அன்னைக்கு ஊர்லயே இல்ல."

 வேதா நோட்டைக் கையில் எடுத்தாள்.  இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தாள்.

"'ஏழு மணி. அடி அண்ணாமலைக் கோயில் எதிரே இறங்கி நின்றேன். இளவெயில் முகத்தில் விழுந்தது. களத்து வைக்கோல் பொன்னாக மின்னியது. கன்றுக்குட்டி ஒன்று தன் நிழலைப் பார்த்துத் தானே துள்ளியது.'"

"இதுக்குப் படிக்கத் தெரியுமா?" என்றார் ராஜேந்திரன்.

  ஆதிமூலம் வேதாவையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கம்மா காலையிலேயே சொல்லிச்சு, அந்த ஊர்ல லேட்டாத்தான் விடியும்னு" என்றாள் வேதா. குரல் உடைந்தாலும் நிற்கவில்லை. "ஏழு மணிக்கு அங்க எந்தக் கன்னுக்குட்டிக்கும் நிழல் கிடையாதுங்க. இதை எழுதினவரு இன்னைக்கு அடி அண்ணாமலைக்குப் போகலை. இங்க பக்கத்துல, குளத்தங்கரைப் புங்க மரத்தடியில உக்காந்திருந்தாரு. கடைப் பக்கம் வந்து, ஆள் இல்லாததைப் பாத்து, குளத்தங்கரையில பொறுக்கின கல்லைப் பையில போட்டுட்டு வாட்சை எடுத்தாரு. கல்லோட பூவும் வந்துடுச்சு." பெஞ்சைக் காட்டினாள். பிறகு கேரியரைக் காட்டினாள். "அந்தத் துண்டுலயும் அதே பூதாங்க."

"அவரு எதுக்கும்மா வாட்சைத் திருடணும்?" என்றார் ஆதிமூலம். ஆனால் கேட்கும்போதே அவருக்கு விடை தெரிந்துவிட்டது. சுப்பிரமணியின் காய்ந்த சட்டையைப் பார்த்தார்.

"விக்கறதுக்கு இல்லைங்க. சாயங்காலம் அது ஓடக்கூடாதுன்னுதான்."

கடைக்குள் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. காசியம்மாள் அதை இறக்கவில்லை.

நாற்பது நிமிடம், மழை மணம், பனி மூடிய ஏரி, இரண்டு வருஷத்து ஞாயிறுகள் எல்லாம் அந்தக் குளத்தங்கரையில் உட்கார்ந்து எழுதப்பட்டவை. கடையில் நாளெல்லாம் இருக்கிற பெண்ணுக்குப் படிக்கத் தெரியாது என்றதும் அந்த முகத்தில் ஏன் நிம்மதி வந்தது என்று வேதாவுக்கு இப்போது புரிந்தது. அவரும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல் இருந்திருக்கிறார். அவளைப் போலத்தான். ஆனால் அவள் பொய்க்காக யாரும் யாருடைய அம்மாவையும் மடியை உதறச் சொல்லவில்லை.

சுப்பிரமணி எழுந்தார். சைக்கிள் சீட்டுக்குப் பின்னால் தொங்கிய தோல் பையின் வாரைக் கழற்றினார். கைக்குட்டையில் சுற்றிய வாட்சை எடுத்து பெஞ்சின் மேல் வைத்தார். எப்படியோ பொத்தான் அமுங்கி அது ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. ஆதிமூலம் கையை நீட்டி அதை நிறுத்தினார்.

ராஜேந்திரன் காசியம்மாள் பக்கம் திரும்பி, காலி கிளாஸை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார்.

"சார்" என்றாள் வேதா. ஏன் அதைச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "எனக்கு அப்பவே படிக்கத் தெரியும். பொய் சொல்லிட்டேன். நீங்க எழுதினது எல்லாத்தையும் என் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். அந்தக் கன்னுக்குட்டி வரி கூட நல்லாத்தான் இருக்குது சார்."

சுப்பிரமணி சைக்கிள் ஸ்டாண்டை எடுத்தார். துண்டு நழுவி விழுந்தது, பூக்கள் சிதறின. குனிந்து எடுக்கவில்லை. காசியம்மாளுக்கு எதிரே வந்ததும் ஒரு கணம் நின்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொங்கிய பாலை இறக்கப் போனாள்.

அவர் சைக்கிளில் ஏறவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ரோட்டில் இறங்கி டவுன் பக்கம் நடந்து போனார்.