முப்பது காசு யென்

1998, ஆனி பௌர்ணமிக்கு மறுநாள் காலை. லாட்ஜ் முதலாளி இராமலிங்கம் வேங்கிக்காலில் சந்திரகலா வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினார். வங்கியில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர் சந்திரகலா. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் என்று ஊரில் பெயர். பக்கத்து ஜெராக்ஸ் கடை அருணகிரி அவருக்குச் சம்பளமில்லாத உதவியாளர்.

லாட்ஜில் தங்கியிருந்த ஜப்பான்காரப் பெண் ஒருவர் கிரிவலம் போகுமுன் ஒரு கவரை ஆபீசில் கொடுத்துவிட்டுப் போனாராம். உள்ளே பத்தாயிரம் யென் நோட்டு ஒன்று, இருபது டாலர் நோட்டு ஒன்று. திரும்பி வந்து பார்த்தால் டாலரைக் காணோம். மேஜை டிராயருக்குப் பூட்டு கிடையாது. ஆபீசுக்குள் போனது இரண்டே பேர்: இராமலிங்கம், பெருக்குகிற ரேணுகாம்பாள். அவளை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று, சாயங்காலம் போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறார், மேடமும் ஒரு வார்த்தை சொன்னால் புகாருக்குக் கனம் கூடும் என்றார்.

அருணகிரி முந்திக்கொண்டிருந்தார். முதலாளி கேட்டதற்காக, விடிந்ததுமே ரேணுகாம்பாளின் தூக்குச் சட்டியைத் திறந்து கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டார். கூழ்தான் இருந்தது. "எங்கயோ மறைச்சுட்டா மேடம்" என்றார்.

மூவரும் லாட்ஜுக்குப் போனார்கள். ரேணுகாம்பாள் வாசலிலேயே நின்றிருந்தாள். வரவேற்பறையில் கரும்பலகை, தினமும் முதலாளியே கால்குலேட்டரும் கையுமாக எழுதுவது. குவைத் தினார் 137 ரூபாய், டாலர் 42 ரூபாய், யென் 30 காசு. அதன் கீழே 'நாடுகளின் பலம்': முதலில் குவைத், அப்புறம் அமெரிக்கா, இந்தியா, கடைசியில் ஜப்பான். இதை வணிகர் சங்கத்தில் அவர் ஒரு மணி நேரம் பேசியபோது அருணகிரி கைதட்டியிருக்கிறார்.

சந்திரகலா பலகையைப் படித்துவிட்டு உட்கார்ந்தார்.

"அந்த யென் நோட்டு மூவாயிரம் ரூபா பெறும். டாலர் நோட்டு எண்ணூத்திநாப்பது. ரேட் தெரிஞ்சவன் யென்னை எடுப்பான். தெரியாதவன் சைபர் ஜாஸ்தி இருக்கற நோட்டை எடுப்பான், அதுவும் யென்தான். அதை விட்டுட்டு டாலரை எடுக்கறவர் இங்க ஒருத்தர்தாங்க. ஜப்பான் பணம் ஒரு ரூபாகூடப் பெறாதுனு நம்பறவர்."

"முப்பது காசு ரூபாயை விடக் கம்மிதானே மேடம்?" என்றார் இராமலிங்கம். மாட்டிக்கொண்டது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

"நாளைக்கே நாம ரூபாயை வுட்டுட்டு எல்லாத்தையும் பைசாவுல எண்ணுனா ஏழையாயிடுவமா? ஒரு நோட்டு எத்தனை ரூபாங்கறதுல நாட்டோட பலம் இல்ல. அங்க என்ன செய்யறாங்க, யார் வாங்கறாங்கனு பாக்கணும். உங்க கால்குலேட்டரைத் திருப்பிப் பாருங்க, எந்த ஊருதுனு போட்டிருக்கும்."

திருப்பினார். ஜப்பான்.

அப்புறம் உண்மை மெல்ல வந்தது. சங்கத் தலைவர் பக்கத்தில் நிற்க, கோயில் உண்டியலில் டாலர் போட ஆசைப்பட்டு எடுத்தாராம். அந்தப் பெண் பார்ப்பதற்குள் வேறொன்று வாங்கி வைத்துவிடலாம் என்றிருந்தாராம். அதற்குள் அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டார்.

நாளையிலிருந்து வேலைக்கு வா என்றார் இராமலிங்கம். ரேணுகாம்பாள் உள்ளே வந்து, கீழே கிடந்த சாக்பீஸை எடுத்து அருணகிரி முன்னால் மேஜைமேல் வைத்தாள்.

"எங் கூழுல கரண்டி வுட்டுக் கலக்கினீங்களே சார். அதுக்கு இன்னிக்கு என்ன ரேட்டுனு போர்டுல எழுதிடுங்க."

அருணகிரி பலகைப் பக்கம் திரும்பவில்லை. கரண்டி பிடித்த கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.