அப்பாவுக்கு ஒரு கீழறை

சாவியைத் திருப்பும்போதெல்லாம் இன்ஜின் சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை.

சமையலறை இடிபட்டுக் கிடந்ததால், ஹாலின் மூலையில் ஒரு பழைய மேசைமேல் அடுப்பை வைத்து டீ போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். போர்ட்டிகோவில் காருக்குள் உட்கார்ந்து அவள் கணவன் மறுபடியும் முயன்றான். மறுபடியும் அதே சத்தம்தான்.

"பேட்டரி போச்சு போலிருக்கு," என்றான், ஜன்னல் வழியாக.

பேட்டரி போகவில்லை. பேட்டரி போன கார் இப்படிச் சுறுசுறுப்பாகச் சுற்றாது. முனகும், இல்லையென்றால் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விழுங்கவும் தெரியும். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து பழகிய வித்தை அது.

அவளுடைய அப்பா கார் மெக்கானிக். ஜாக்கி நழுவிக் கால் முறிந்து, கம்பி வைத்துத் தைத்து, இன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து விடுகிறார்கள். ஒர்க் ஷாப்புக்கு மேலே இருந்த அவருடைய ஒற்றை அறைக்குச் செங்குத்தான இரும்புப் படி. இனி அதில் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்போது கணவன்தான் முந்திக்கொண்டு வாக்குக் கொடுத்தான். வீட்டைப் புதுப்பிக்கத்தானே போகிறோம், கீழே பின்பக்க அறையை மாமாவுக்கென்றே மாற்றிவிடலாம் என்றான். சொன்னபடியே அந்த அறையின் வாசல்படியை உடைத்துச் சமமாக்கினான், குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி பதித்தான். அந்தக் கம்பியைத் தொட்டுப் பார்த்த அன்று அவள் யாருக்கும் தெரியாமல் அழுதாள்.

மாமியார் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, தூசிக்கு மூக்கைப் பொத்தியபடி வெளியே வந்தாள்.

"கிளம்பும்போதே வண்டி மக்கர் பண்ணுதுன்னா ஒரு நிமிஷம் யோசிக்கணும். அங்கன்னா நர்ஸ் இருக்காங்க, டாக்டர் இருக்காங்க. இந்தப் புழுதிக்குள்ள தையல் போட்ட காலோட ஒரு மனுஷனைக் கொண்டாந்து என்ன பண்ணப் போறீங்க? நாலு நாள் போகட்டுமே..."

வாடகைக் கார் பிடிக்கலாமே என்று அவள் மெதுவாகக் கேட்டாள். மாமாவின் கால் மடங்கக் கூடாது, நம் காரில்தான் முன் சீட்டை முழுக்கச் சாய்க்க முடியும் என்று கணவன் பதில் சொன்னான். நியாயமான பதில்தான். ஆனால் அதை அவள் முகத்தைப் பார்க்காமல், ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னான்.

அதற்குள் வீட்டு வேலைக்கு வந்திருந்தவர்கள் காரைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். டைல்ஸ் போடுகிறவர், சிமென்ட் தூசி போய் அடைத்திருக்கும் என்றார். பெயின்டர், பழைய பரணை இடித்தபோது ஓடிய எலியெல்லாம் வேறெங்கே குடி போயிருக்கும், இந்த பானெட்டுக்குள்தான் என்று சாதித்தார். நாலு பேர் சேர்ந்து கேட் வரை தள்ளிக்கூடப் பார்த்துவிட்டு, மறுபடி போர்ட்டிகோவுக்கே உருட்டி வந்தார்கள். கார் சொகுசாக உருண்டதே தவிர, உயிர் வரவில்லை.

மேஸ்திரிக்கு அந்த வீட்டில் 'நாளைக்கு' என்று பட்டப்பெயர். கதவு எப்போது வரும் என்றாலும் குழாய் எப்போது மாட்டுவீர்கள் என்றாலும் அவரிடம் அந்த ஒரு பதில்தான். இப்போதும் அவர் மூக்கைச் சொறிந்துகொண்டு, "நாளைக்கு நம்ம ஆளு ஒருத்தரை வரச் சொல்றேன் சார்," என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

கணவன் மட்டும் சிரிக்கவில்லை. "சரி, நாளைக்கே வரட்டும்," என்றான், பெருமூச்சோடு.

அந்தப் பெருமூச்சுதான் அவளை உறுத்தியது. காரியம் கெட்டதே என்று விடும் மூச்சாக இல்லை, தலைக்குமேல் தொங்கியது தள்ளிப்போனதே என்று விடும் மூச்சாக இருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் போர்ட்டிகோவுக்கு வந்தாள். "கொஞ்சம் நகருங்க," என்றாள் கணவனிடம்.

"நீ என்னத்துக்கு..." என்று ஆரம்பித்தவன் அவள் பார்வையைக் கண்டு இறங்கிவிட்டான்.

சாவியைப் பாதி திருப்பிக் காத்திருந்தாள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம் வர வேண்டும், பெட்ரோலை மேலே தள்ளும் பம்பு விழித்துக்கொள்ளும் சத்தம். அது வரவில்லை. ஹாரனை அழுத்தினாள். அது கணீரென்று அடித்தது.

கல்யாணமான புதிதில், கொட்டும் மழையில், ஊருக்கு வெளியே இதே கார் இதே மாதிரி நின்றது. பம்புக்கு மின்சாரம் விடும் ரிலே, தீப்பெட்டியில் பாதி இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி, செத்துப்போயிருந்தது. ஹாரனுக்கும் அதே மாதிரி ஒன்றுதான், அதைக் கழற்றி இங்கே போட்டால் வீடு போய்ச் சேரலாம் என்று அப்பா சொல்லிக் கொடுத்ததை, அவள் குடையைப் பிடித்தபடி கணவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவன் அன்று அவளைக் கொண்டாடினான். ஆனால் வீட்டு வாசலில் இறங்குமுன், "அம்மாகிட்ட நான் சரி பண்ணினதா சொல்லிக்கிறேன்... அவங்களுக்கு இதெல்லாம் ஒரு மாதிரியா இருக்கும்," என்றான்.

ஒரு மாதிரிதான் இருந்தது. சம்பந்தி என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், 'இன்ஜினியரிங் பிசினஸ்' என்று மாமியார் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவாள். பக்கத்தில் நின்று மருமகளும் தலையாட்டுவாள். முதலில் நெஞ்சு குத்தியது. போகப்போகக் குத்துவதுகூட நின்றுவிட்டது.

இப்போது அவள் பானெட்டைத் தூக்கி நிறுத்தினாள்.

"வேலை செய்யற ஆளுங்க முன்னாடி என்ன கூத்து இது," என்று மாமியார் பல்லைக் கடித்தாள். "கையெல்லாம் கரியாக்கிக்கிட்டு... உள்ள போ."

அவள் போகவில்லை. ஓரத்தில், ரிலேக்கள் வரிசையாகச் செருகியிருக்கும் பெட்டியின் மூடியை நெம்பித் திறந்தாள். பம்புக்கான இடம் காலி. ரிலே கருகியிருக்கலாம், தளர்ந்திருக்கலாம், எலிகூடக் கடித்திருக்கலாம். ஆனால் எந்த எலியும் ரிலேயைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, மூடியை மறுபடி 'கிளிக்' என்று மூடிவிட்டுப் போகாது.

இந்த வீட்டில் அந்த இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள்.

காலையில் அவன் அவளுக்கு முன்பே எழுந்து, பூசிய சுவருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனது நினைவுக்கு வந்தது. இவ்வளவு அக்கறையா என்று மனதுக்குள் மகிழ்ந்ததும் நினைவுக்கு வந்தது. காது மடல் சூடாகியது. தப்பு செய்தவன் அவன்தான், ஆனாலும் இத்தனை பேர் நடுவில் நிர்வாணமாக நிற்பது போல அவளுக்குத்தான் கூசியது.

நிமிர்ந்து பார்க்காமல் ஹாரனின் ரிலேயைப் பிடுங்கிப் பம்பின் இடத்தில் அழுத்தினாள். உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ரீங்காரம் கேட்டது. அடுத்த திருப்பலில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பெயின்டர் கைதட்டினார். என்னம்மா ஆச்சு என்று 'நாளைக்கு' எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. சுவர் இடிச்ச அதிர்ச்சியில ஒரு சாமான் கழண்டிருக்கு."

சொல்லும்போதே தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது. எத்தனை தடவை... இன்னும் எத்தனை தடவை இவனுக்காகப் பொய்?

மாமியார் விடவில்லை. "அவ்வளவுதானே? அதை அவனே பார்த்திருக்க மாட்டானா? என் பையன் கை பட்டா எந்த வண்டியும் கேக்கும். நீ எதுக்கு முந்திரிக்கொட்டை மாதிரி?"

அந்த வார்த்தைதான் அவனை உடைத்தது. சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து, அம்மாவுக்கு எதிரே ஜன்னல் திண்டில் வைத்தான். அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி.

"அது கழண்டு விழலைம்மா. நான்தான் எடுத்தேன்." என்றான் அவன். "எனக்கு எந்த வண்டியும் கேக்காது. அன்னிக்கு மழையில சரி பண்ணினதும் இவதான்."

'நாளைக்கு' நாசூக்காகத் தன் ஆட்களை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மீதியை அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கீழறையை அவன் தங்கை குடும்பத்துக்கு ஒதுக்கச் சொல்லி அம்மா கேட்டாள். அவனால் மறுக்க முடியவில்லை. பாலிஷ் காயவில்லை, யாரும் மிதிக்கக் கூடாது என்று அந்த அறையைப் பூட்டி வைத்திருந்தது பாலிஷுக்காக அல்ல. உள்ளே தங்கையின் பீரோவும் கட்டிலும் எப்போதோ வந்து இறங்கிவிட்டன. இன்று ஒரு நாள் தள்ளிப்போனால் ஏதாவது வழி தோன்றும் என்று நினைத்தான்.

"உங்கிட்ட முடியாதுன்னு சொல்லவும் தைரியம் வரலம்மா. இவகிட்ட ரூம் இல்லைன்னு சொல்லவும் வரல..."

அவள் காரைவிட்டு இறங்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"ரூம் இல்லைன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேங்க. அவ்வளவுதான்," என்றாள். "எங்கப்பா எனக்குச் சொல்லிக் குடுத்ததை நான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். அதை வெச்சே அவரை வர விடாம பண்ணிட்டீங்களே..."

நானும் வருகிறேன் என்று அவன் கதவைப் பிடித்தான். வேண்டாம் என்று தலையசைத்தாள். கேட்டைத் தாண்டும்வரை கண்ணீர் வரவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அப்பா சக்கர நாற்காலியில் தயாராக இருந்தார். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. மடியில் வைத்திருந்த விரல்களைப் பார்த்து அவள் திடுக்கிட்டாள். நகக்கண்ணெல்லாம் சிவந்து கன்றியிருந்தது.

"காலையிலேர்ந்து பிரஷ்ஷை வெச்சு தேய்ச்சுக்கிட்டே இருக்கார். சொன்னா கேக்கல," என்று புகார் சொன்னாள் நர்ஸ்.

"கரி போகலைன்னா நல்லா இருக்காதில்ல... உன் மாமியார் வீட்டுக்குப் போறோம்," என்று அப்பா அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

இந்த வெட்கத்தை அவருக்குக் கொடுத்தது மாமியார் மட்டுமா? பக்கத்தில் நின்று தலையாட்டியவளுக்குப் பங்கில்லையா? அவள் அவர் காலடியில் உட்கார்ந்து அந்தக் கைகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என்னம்மா, என்னம்மா என்று அவர் பதறினார். மாப்பிள்ளை வரலையா என்றார். ஒர்க் ஷாப்பில், சாமான்களை ஒதுக்கிவிட்டு, கீழேயே கட்டில் போட்டு நானும் கூட இருக்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. புரிந்தவர்போல அவள் தலையைத் தடவினார்.

அவரைத் தாங்கிப் பிடித்து, சாய்த்த சீட்டில் காலை நீட்டி உட்கார வைத்தபோது ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அவள் கணவன் இறங்கினான். சட்டையெல்லாம் சுண்ணாம்பு, முழங்கையில் சிராய்ப்பு. அவளைப் பார்க்காமல் நேராக அப்பாவின் பக்கம் போய்க் குனிந்தான்.

"மாமா... வண்டி ஓடாம பண்ணினது நான்தான். பம்பு ரிலேயை எடுத்து ஒளிச்சு வெச்சேன். நீங்க இன்னிக்கு வரக் கூடாதுன்னு..."

அப்பா அவன் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தார். பிறகு மகளிடம், "அப்ப வண்டி எப்படி வந்துச்சு?" என்றார்.

"ஹாரனோடதை மாத்திப் போட்டேன்ப்பா."

அவர் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்து மறைந்தது. மருமகன் பக்கம் திரும்பினார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை. நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன்..."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவர் கையைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டு, போகிற வருகிறவர்கள் பார்ப்பதையும் மறந்து அழுதான். ரூம் ரெடி மாமா, இப்பவே வாங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

"அத்தை?" என்றாள் அவள். அவன் வந்து இறங்கிய பிறகு அவனிடம் பேசிய முதல் சொல்.

"ஒண்ணும் பேசல. நான் தனியா பீரோவை இழுத்தேன். நகரல. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க... அப்புறம் எழுந்து வந்து மறுபக்கம் பிடிச்சாங்க."

போகலாமா என்று அவள் பார்வையாலேயே அப்பாவைக் கேட்டாள். அவர் தலையசைத்தார். கணவனுக்கு அவள் பின்கதவைத் திறந்துவிட்டாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அதற்கு இன்னும் நாளாகும் என்று அவளுக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது.

தெரு முனை திரும்பினால், அவர்கள் வீட்டுக்கு வந்த மணல் லாரி பாதித் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. மீதிப் பாதியில் வேடிக்கை பார்க்கும் அக்கம்பக்கத்தார். அவள் பழக்கத்தில் ஹாரனை அழுத்தினாள். சத்தமே இல்லை. யாரும் திரும்பவில்லை.

பின்கதவு திறந்தது. கணவன் இறங்கிக் காருக்கு முன்னால் போய்க் கையைத் தட்டினான்.

"கொஞ்சம் வழி விடுங்க... எங்க மாமனார் வர்றார். கால்ல ஆபரேஷன் பண்ணியிருக்கு. சார், அந்த ஸ்கூட்டரை எடுங்க... ஆமா சார், கார் மெக்கானிக்தான். இனிமே எங்க கூடத்தான்."

வீட்டுக்கு வீடு நின்று நின்று சொல்லிக்கொண்டே நடந்தான். கூச்சத்தில் கழுத்து சிவந்திருந்தது. குரல் மட்டும் தாழவில்லை. அவன் நடக்கும் வேகத்துக்கு அவள் காரை உருட்டினாள்.

"ஹாரனோடதைக் கழட்டிட்டேன்னு சொன்னியே," என்றார் அப்பா, நீட்டிய காலைத் தடவியபடி. "நல்லாத்தானே அடிக்குது."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கேட்டின் இரண்டு கதவுகளையும் தள்ளிப் பிடித்துக்கொண்டு மாமியார் நின்றாள். கார் நின்றதும் மருமகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் மறுபக்கம் சுற்றி வந்து, தானே கதவைத் திறந்தாள். அப்பா நகங்களை மடக்கி உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார். அந்தக் கையை மாமியார் பற்றி இழுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள்.

"மெதுவா வாங்க சம்பந்தி," என்றாள். "படி கிடையாது. நேரா உள்ள போயிடலாம்."