படுத்த எட்டு

ஞாயிற்றுக்கிழமை காரங்காட்டில் யாரும் கடலுக்குப் போவதில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் தொடுவானத்தில் ஒரு கம்பு நின்றது. யாராவது வலைக்கு ஊன்றியிருப்பார்கள் என்று, வீட்டுச் சன்னலோரம் இருந்த ஆன்டோ அதையே குறியாக வைத்துக்கொண்டான்.

கையிலிருந்தது, அவன் பழுதுபார்த்துக்கொண்டிருந்த பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. கண்ணை வைத்தால் நடுவிலுள்ள மஞ்சள் சதுரத்துக்குள் எந்தப் பொருளும் இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால், பொருள் நிற்கும் தூரத்தை வளையம் சொல்லிவிடும். தொடுவானம் மாதிரி எல்லையில்லாத தூரத்துக்கு உள்ள குறி, படுத்துக் கிடக்கும் எட்டு.

வளையத்தை அந்த எட்டில் வைத்து, உள்திருகை முடியளவு நகர்த்தி, கம்பை ஒன்றாக்கினான். லென்ஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டாகியிருந்தது. மறுபடி ஒன்றாக்கினான். மறுபடி இரண்டு. திருகுதான் நழுவுகிறது என்று அலுத்துக்கொண்டு, தூரத்துக் கோவில் சிலுவையைப் பார்த்துச் சரிசெய்து, மனைவி பிரெசில்லாவின் நகப்பூச்சில் ஒரு சொட்டு விட்டுத் திருகை இறுக்கினான். சிலுவை அசையவில்லை.

கடல் பக்கம் திருப்பினான். கம்பு இரண்டாக நின்றது.

திருகு நழுவவில்லை. கம்புதான் கிட்டே வந்துகொண்டிருந்தது.

வெறுங்கண்ணுக்குக் கரையில் பிரெசில்லா மட்டும் குனிந்து கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சதுரத்துக்குள் அவளுக்குப் பின்னால் இன்னொன்று. நெடியது. நனைந்தது. தலை மாதிரி ஏதோ ஒன்று சாய்ந்திருந்தது.

“பிரெசில்லா, உள்ள வா.”

“இன்னும் ரெண்டு வரிசை கெடக்கு. ஞாயித்துக்கெழமையும் டப்பாவத் திருகிக்கிட்டு, என்னைய வெரட்டுறியளாக்கும்.”

“வான்னு சொல்றேன்ல.”

வளையத்தைத் திருப்பினான். இருபது மீட்டர். பிரெசில்லாவும் இருபது. அதுவும் இருபது.

பிறகு சதுரத்துக்குள் ஒருத்திதான் நின்றாள்.

கூடையோடு வந்து கதவைச் சாத்தினாள். கருவாட்டு வாடை இல்லை. அடிக்கடல் சேற்று வாடை.

“வந்துட்டேன். இப்பச் சந்தோசமா?”

அவன் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனான். கைநீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கத்தில் இரண்டு பிரெசில்லா. வளையத்தை ஆகக் கிட்டத்துக் குறியில் வைத்தான். ஒட்டவில்லை. பத்து மீட்டர். ஒட்டவில்லை. இன்னும் திருப்பினான். வளையம் முட்டி நின்றது.

படுத்த எட்டு.

இரண்டும் ஒன்றாயின. முடியளவு பிசகில்லை. இமைக்காமல், சிரித்தபடி, அவள்.